குதிக்கால் படாத எட்டு வருடம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே நான்கு வருடங்கள் போய்விட்டன. இரண்டு தடவை கொப்பியில் தொடங்கி, ஒரு பக்கம் நிறையுமுன் கிழித்துப் போட்டேன். நான் ஓ.எல்., பதினோராம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள், எழுதிப் பழக்கமில்லை என்பது ஒரு காரணம். மற்றக் காரணம்தான் பெரியது. படிக்கிறவர்கள் நான் சாமியைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். என் சொந்தத்தில் ஒருவர், "இதையெல்லாம் வெளியில சொல்லுறதே, குடும்ப விசயம்" என்று தடுத்தும் இருந்தார். போன மாதம் என் மகளே, "எழுதுங்கோ அம்மா, என்ர பேரை மட்டும் போடாதேங்கோ" என்றாள். அதனால் துணிந்து எழுதுகிறேன்.

நடந்தது வெள்ளவத்தையில், நாங்கள் இருக்கும் தொடர்மாடியில். ஒரு புதன்கிழமை பின்னேரம் மகள் படியேறி வரும்போது அவளுடைய இடது சப்பாத்தின் அடி வாய் பிளந்துவிட்டது.

அந்தச் சப்பாத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகளுக்கு இடது கால் பிறப்பிலேயே சற்றுக் கட்டை. அதனால் இடது சப்பாத்தின் அடி மட்டும் தடிப்பமாக, உயர்த்திக் கட்டப்பட்டிருக்கும். சின்ன வயதில் கிளினிக்குக்குக் கொண்டுபோய், அவர்கள் அளந்து கொடுத்தபடி செய்வித்தோம். பதின்மூன்று வயது வரைக்கும் ஒழுங்காகப் போனோம்.

அதற்குப் பிறகு நான் அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். பிள்ளையின் கால் சரியாக வேண்டும், அதுவரைக்கும் ஒவ்வொரு வெள்ளியும் அவளைக் கூட்டிவந்து கோயில் உள்வீதியைச் சுற்ற வைப்பேன் என்று. வேண்டிய பிறகு கிளினிக்குக்குப் போவதை நான்தான் நிறுத்தினேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த தவணைக்கு வரச் சொல்லி எழுதிய அட்டை அலுமாரியில் கிடந்தது. ஒரு இடத்தில் ஒப்படைத்துவிட்டு இன்னொரு இடத்தில் போய்க் கை நீட்டினால் நேர்த்தி பலிக்காது என்று ஒரு எண்ணம் எனக்கு. எங்கே கேட்டேன், யார் சொன்னார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சப்பாத்து தேய்ந்தால் பழையதைக் கொண்டுபோய், "இதே மாதிரி ஒண்டு" என்று கொடுப்போம். பிள்ளை வளர வளரப் பாதத்தின் அளவை மட்டும் பெரிதாக்கிச் செய்து தருவார்கள். அடியின் உயரம் பதின்மூன்று வயதில் இருந்த அதே உயரம். இப்படி எட்டு வருடம்.

அன்றைக்கு ஏன் பதறினோம் என்றால், அடுத்த திங்கட்கிழமை அவள் முதன்முதலாக வேலைக்குப் போக இருந்தாள். ஒரு பாலர் பாடசாலையில் உதவி ஆசிரியை. காலையிலிருந்து மத்தியானம் வரை நின்றபடி வேலை. எத்தனை இடத்தில் விண்ணப்பம் போட்டு, எத்தனை பேர் முகத்தைப் பார்த்துவிட்டுக் காலைப் பார்த்து அனுப்பிய பிறகு கிடைத்த வேலை. வழக்கமாகச் சப்பாத்துச் செய்து தருகிறவர் மகனோடு வெளிநாடு போய்விட்டார். வேறு சப்பாத்துக் கிடையாது. கடையில் போய் வாங்கவும் ஏலாது.

"அம்மா, ஆப் ஒண்டு இருக்கு. தைக்கிற ஆக்கள், சப்பாத்துத் திருத்துற ஆக்கள் எல்லாரும் அதில இருக்கினம். படம் எடுத்துப் போட்டால் அவையே பதில் போடுவினம்" என்றாள் மகள்.

எனக்கு அந்தக் காலத்தில் போன் என்றால் தேவாரம் கேட்கவும், ஊரில் இருக்கும் தங்கச்சியோடு கதைக்கவும்தான். சப்பாத்துத் திருத்துகிறவர் போனுக்குள் இருப்பார் என்று நம்பவே இல்லை. அதைவிடப் பெரிய பிரச்சினை, அந்த ஆப் சப்பாத்தை மேல், கீழ், முன், பின் என்று எல்லாப் பக்கமும் படம் எடுக்கச் சொன்னது. மகள் வெளிச்சத்துக்காக இரண்டு சப்பாத்தையும் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"எடு அதை. சோறு தின்னுற இடத்தில கொண்டுவந்து வைக்கிறாய்."

"பேப்பர் விரிச்சுத்தானே அம்மா வைச்சனான்."

"நீ பட்டு விரிச்சாலும் அது சப்பாத்துத்தான்."

என் கணவர் கதிரையில் இருந்தபடி, "எடுக்கட்டும் விடப்பா, சப்பாத்துக்கும் ஒருநாள் மாப்பிள்ளைப் படம் எடுக்கத்தானே வேணும்" என்று சிரித்தார். அவருக்கு எல்லாம் பகிடி. புறக்கோட்டையில் ஒரு இரும்புக் கடையில் வேலை செய்கிறார். காலையில் போனால் பின்னேரம்தான் வருவார்.

அரை மணித்தியாலத்துக்குள் நாலைந்து பேர் பதில் போட்டார்கள். ஒட்டித் தரலாம், தைத்துத் தரலாம், இத்தனை நாளாகும் என்று. கொட்டாஞ்சேனையில் இருந்து ஒருவர் மட்டும் எதுவும் சொல்லாமல் இன்னும் இரண்டு படம் கேட்டார். உள்ளே காலுக்கு அடியில் இருக்கும் தோலைத் தெளிவாக எடுத்துப் போடுங்கள் என்று. மகள் போட்டாள். சற்று நேரம் கழித்து அவரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. மகள் அதை வாசித்துவிட்டுப் போனை மடியில் கவிழ்த்துப் பிடித்தாள். நான்தான் போனை வாங்கிப் பார்த்தேன்.

"இத போடுறவங்களுக்கு வலது பக்கம் இடுப்பு நோகுதா?"

அவருக்கு எங்களைத் தெரியாது. ஆணா பெண்ணா, கிழவியா குமரியா என்றுகூட நாங்கள் சொல்லவில்லை. இரண்டு சப்பாத்தின் அடியைத் தவிர அவர் வேறொன்றும் பார்க்கவில்லை.

"இதென்ன, சப்பாத்துக்காரனோ சாத்திரக்காரனோ" என்றார் என் கணவர்.

நான் மகளைப் பார்த்தேன். "உனக்கு இடுப்பு, நாரி நோகுதே?" என்று கேட்டேன்.

"இல்லையம்மா, சும்மா கேக்கிறார்" என்று சொல்லிவிட்டு எழும்பி அறைக்குள் போனாள். நானும் அதோடு விட்டுவிட்டேன். ஏனோ அந்த ஆளிடமே கொடுக்கலாம் என்று மகள் பிடிவாதமாகச் சொன்னாள். வியாழன் காலை மோட்டார் சைக்கிளில் ஒரு சிங்களப் பிள்ளை வந்து பையை வாங்கிக்கொண்டு போனான். வெள்ளிக்கிழமை ஒட்டி வந்துவிடும், திங்கள் வேலைக்குப் போகலாம் என்று நிம்மதியாக இருந்தேன்.

வெள்ளி காலை வந்தது சப்பாத்தல்ல, இன்னொரு செய்தி. "இத இப்படியே ஒட்டிக் குடுக்க மனசு வரல. இடது குதி புதுசு மாதிரியே இருக்கு. முன் பக்கம் மட்டும்தான் தேஞ்சிருக்கு. இவங்க குதிய கீழ வைக்கிறதே இல்ல. வெறுங்காலோட நிறைய நடக்கிறாங்களா? முடிஞ்சா நாளைக்கு அவங்களயே கூட்டிட்டு வாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒட்டித் தா என்றால் ஒட்டித் தர வேண்டியதுதானே. என் பிள்ளை எப்படி நடக்கிறாள் என்று இந்த மனிதனுக்கு என்ன கதை? உள்ளுக்குள் ஒரு பயமும் இருந்தது. திங்களுக்கு முன் சப்பாத்து வராவிட்டால் அந்த வேலை போய்விடும். முதல் நாளே லீவு கேட்டால் யார் வைத்திருப்பார்கள்?

அன்று வெள்ளிக்கிழமை. சப்பாத்து இல்லாவிட்டால் என்ன, கோயிலுக்குள் எப்படியும் வெறுங்கால்தானே. பின்னேரம் மகளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். பதினொரு சுற்று. அதில் ஒன்று குறைய நான் விட்டதில்லை.

ஒரு விசயம் சொல்ல வேண்டும். எட்டு வருடமும் நான்தான் முன்னால் நடப்பேன். அவள் பின்னால் வருவாள். என் கண் மூலஸ்தானத் தூபியில் இருக்கும், வாய் தோத்திரத்தில் இருக்கும். பின்னால் அவள் எப்படி வருகிறாள் என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை. சாமியைச் சுற்றும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்றும் ஒரு எண்ணம்.

அன்று அந்த மனிதரின் வார்த்தை மனதை அரித்துக்கொண்டே இருந்தது. குதியைக் கீழே வைக்கிறதே இல்லை. நாலாம் சுற்றில் என்னை அறியாமல் ஒதுங்கி, "நீ முன்னால போ பிள்ளை" என்றேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு நடந்தாள்.

கோயிலின் வடக்குப் பக்கத்தில், மூலஸ்தானத்தில் அபிஷேகம் செய்யும் தண்ணீர் வெளியே வந்து விழும் கோமுகி இருக்கிறது. அன்று பின்னேர அபிஷேகம் அப்போதுதான் முடிந்திருந்தது. வாய்க்கால் நிறைந்து தண்ணீர் நாங்கள் நடக்கும் கல்லிலும் வழிந்திருந்தது. மகள் அந்த ஈரத்தை மிதித்துக் காய்ந்த கல்லில் ஏறினாள். அவள் போன வழி கல்லில் பதிந்தது.

வலது கால் முழுதாகப் பதிந்திருந்தது. இடது காலில் ஐந்து விரலும் விரலுக்குக் கீழே கொஞ்சமும். அவ்வளவுதான். குதி இருக்க வேண்டிய இடத்தில் கல் காய்ந்தபடி இருந்தது. ஒரு முழுப் பாதம், ஒரு பாதிப் பாதம், ஒரு முழுப் பாதம், ஒரு பாதிப் பாதம் என்று அது மூலையில் திரும்பி மறையும்வரைக்கும்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள். கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு ஒரு மனிதர் தோலைப் பார்த்துச் சொன்னதை, அம்மன் தன் உடம்பில் பட்ட தண்ணீரால் என் கண்ணுக்கு முன்னால் எழுதிக் காட்டியது போல இருந்தது. மயிர்க்கூச்செறிந்தது என்று புத்தகத்தில் எழுதுவார்களே, அன்றைக்குத்தான் அது என்னவென்று எனக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே விசயத்தைத்தான் சொல்கிறார்கள். எட்டு வருடமாகப் பிள்ளை விரல் நுனியில் சுற்றியிருக்கிறாள்.

எப்படியோ நடந்து அவளோடு போய்ச் சேர்ந்தேன். அவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டு வந்தாள். நாலாம் சுற்று முடிந்திருந்தது.

"காணும் பிள்ளை, நிப்பாட்டு."

"என்னம்மா, இன்னும் ஏழு கிடக்கு."

"நோகுதே உனக்கு? சாமி சத்தியமாச் சொல்லு."

குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு, "ஓம்" என்றாள்.

"எவ்வளவு காலமா?"

"கன காலம். இரவில திரும்பிப் படுக்கேக்கை கூட."

"ஏனடி எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனான் அம்மா. பத்தாம் வகுப்பில ஒருக்காச் சொன்னனான். நீங்கள் ஒன்பது சுற்றைப் பதினொண்டு ஆக்கிப்போட்டியள். பிறகு ஆர் சொல்லுவினம்?"

கோபத்தில் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. உண்மைதான். அவள் அப்போது ஏதோ முறையிட்டதும், இன்னும் இரண்டு சுற்றுக் கூட்டினால் அம்மன் கண் திறப்பாள் என்று நான் கூட்டியதும் ஞாபகம் வந்தது. அன்று கோயில் தூணில் சாய்ந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

சனிக்கிழமை மூன்று பேருமாக ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். என் கணவர் கடையில் அரைநாள் சொல்லிவிட்டு வந்தார். மகளுக்கு ஒரு காலில் சாதாரணச் செருப்பு, மற்றக் காலில் தடித்த அடி வைத்த பழைய வீட்டுச் செருப்பு. கொச்சிக்கடைப் பக்கத்தில் சனமும் பஸ்ஸுமாக ஓட்டோ நகரவில்லை. கடைசியில் ஒரு ஒடுக்கமான ஒழுங்கைக்குள் இறங்கித் தேடிப் பிடித்தோம்.

சின்னக் கடை. முன்பாதி சப்பாத்து, பின்பாதி தையல். சப்பாத்துத் திருத்துகிறவருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். அவருடைய மனைவி பின்னால் தையல் மெசினில் ஒரு காற்சட்டைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தார். சுவரில் அவர்களுடைய மாதா படம், அதற்குக் கீழே ஒரு தாங்கியில் போன். அது நிமிடத்துக்கு ஒருதரம் மணி அடித்தது. வத்தளை, தெகிவளை என்று யார் யாரோ படம் போடுகிறார்கள்.

"வாங்கக்கா, உள்ளுக்கு வாங்க. தங்கச்சி, பாத்து, படி இருக்கு."

நான் உள்ளே இருக்கவில்லை. வாசலோடு நின்றேன். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தபோது விரதம் என்றேன். அன்று எனக்கு விரதம் எதுவும் இல்லை. தோலும் பசையும் மணக்கும் இடத்தில் குடிக்க மனம் வரவில்லை. இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் அது உண்மையாக இருக்காது.

"போன்ல பாத்தே எல்லாம் சொல்லிப்போட்டீங்கள்" என்றார் என் கணவர், அவரைச் சோதிக்கிற மாதிரி. "எங்க, என்ர செருப்பைப் பாத்துச் சொல்லுங்கோ பாப்பம்."

அவர் குனிந்து வாசலில் கிடந்த செருப்பைத் திருப்பினார். "சார் பஸ்ல மிதிபலகையில நிண்டுக்கிட்டுப் போறவரு. வலது கால் உள்ளுக்கு, இடது கால் வெளிய. இடதுல விரல் பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு."

நான் என் கணவரைப் பார்த்தேன். உள்ளே இடம் கிடைக்கிறது, இருந்துதான் போகிறேன் என்று எத்தனையோ வருடமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அதற்குப் பிறகு பகிடி விடவில்லை.

"எப்பிடித் தம்பி இது?" என்று நான் கேட்டேன்.

"ஒண்ணுமில்லக்கா. மத்தவங்க ஆளப் பாத்துட்டுத்தான் சப்பாத்தப் பாப்பாங்க. எங்களுக்குச் சப்பாத்து மட்டும்தான் வருது. அதுவும் இந்த ஆப் வந்த பொறகு ஆளே வர்றதில்ல, அடி மட்டும்தான் வருது. பாத்துப் பாத்துப் பழகிருச்சு."

மகளைத் தட்டையான சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நிற்கச் சொன்னார். நின்றாள். இடது குதி மேலே தூக்கியபடி இருந்தது. "நா தொடமாட்டேன், இவ பாப்பா" என்று மனைவியைக் கூப்பிட்டார். அவர் வந்து இரண்டு உள்ளங்கையையும் மகளின் இடுப்பெலும்பில் வைத்துப் பார்த்தார்.

"தங்கச்சி, ஒங்க பாவாட எல்லாம் ஒரு பக்கம் எறங்குதா?" என்று கேட்டார்.

மகள் வாயைப் பொத்திச் சிரித்தாள். "ஓம் அக்கா, நான் ஒரு பக்கத்தை மடிச்சுத் தைச்சுத்தான் போடுறனான். அம்மாவுக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாதவை எத்தனை என்று நான் எண்ணத் தொடங்கினேன்.

சப்பாத்துக்காரர் ஒரு மெல்லிய ரப்பர்த் துண்டை எடுத்து மகளின் இடது காலுக்குக் கீழே வைத்தார். பழைய சப்பாத்தின் உயரம் வரைக்கும் ஒவ்வொன்றாக அடுக்கினார். "இவ்வளவுதான் நீங்க இப்ப போடுறது." குதி இன்னும் தூக்கியபடி. இன்னொரு துண்டு. மனைவி தலையாட்டினார், "பத்தாது". இன்னொன்று. பிறகு இன்னொன்று. போன் அடித்தது, அவர் எடுக்கவில்லை. அடுத்த துண்டை வைத்ததும் மனைவி, "நில்லுங்க, சமமாயிருச்சு" என்றார்.

மகள் கீழே பார்த்தாள். அவளுடைய இடது குதி ரப்பரில் முழுதாகப் படிந்திருந்தது. மேசையைப் பிடித்திருந்த கையை விட்டாள். இரண்டு காலிலும் பாரத்தைப் போட்டுப் பார்த்தாள். அவளுடைய தோள்கள் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்ததை நான் வாசலில் இருந்து பார்த்தேன். இருபத்தொரு வயதுப் பிள்ளை அப்போதுதான் நிற்கப் பழகியவள் போல எங்களைப் பார்த்தாள்.

"அம்மா, நிலம் கிட்ட வந்திட்டுது" என்றாள்.

எனக்குத் தெரியாமலே நான் கடைக்குள் போயிருந்தேன். அவருடைய மனைவி கதிரையை இழுத்துப் போட்டார். மேசையில் ஆறிக் கிடந்த தேத்தண்ணியை எடுத்துக் குடித்தேன். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப இதே உயரத்துக்குச் செய்து தாங்கோ தம்பி, திங்களுக்கு முன்னம்" என்றேன்.

"இல்லக்கா, கோவிச்சுக்காதீங்க. நா செய்ய மாட்டேன்."

"ஏன்?"

"இது ஏ கண்ணு சொல்ற அளவு. இடுப்பு, முதுகு எல்லாம் சம்பந்தப்பட்டது. ஒரே நாள்ல ஏத்தலாமா, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணுமா, அத டொக்டருதான் சொல்லணும். அளந்து கடுதாசி வாங்கிட்டு வாங்க, வந்தோடன செஞ்சு தாரேன். திங்களுக்குப் பழச ஒட்டித் தாரேன், பிள்ள வேலைக்குப் போவட்டும். ஆனா கடுதாசி இல்லாம நா அதுக்கு மேல ஒரு தாள்கூட ஏத்தமாட்டேன்."

சொன்னபடியே நாங்கள் இருக்கும்போதே பழையதை ஒட்டித் தைத்து அழுத்தி வைத்துத் தந்தார். அடுக்கிய ரப்பர்த் துண்டுகளை ஒரு நூலால் கட்டி மகளின் கையில் கொடுத்தார். கிளினிக்கில் காட்டினால் காட்டுங்கள், காட்டாவிட்டாலும் பரவாயில்லை, அவர்களே அளப்பார்கள் என்றார்.

திங்கட்கிழமை மகள் வேலைக்குப் போனாள். அடுத்த வாரம் பொரளைப் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்கு நானே கூட்டிப் போனேன். எட்டு வருடமாக ஏன் காட்டவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவர்கள் ஏசவில்லை. எக்ஸ்ரே படம் எடுத்தார்கள், படுக்க வைத்து அளந்தார்கள், நிற்க வைத்து மரத்துண்டுகளை அடுக்கி அளந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் மகள் பையைத் திறந்து அந்த ரப்பர்க் கட்டை மேசையில் வைத்தாள். அளந்தவர் தன்னுடைய மரத்துண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே உயரம். ஒரு நூல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

"யாரு இத அளந்தது?" என்று கேட்டார்.

"சப்பாத்துத் தைக்கிறவர்" என்றாள் மகள். அவர் அந்தக் கட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரேயடியாக ஏற்றாமல் மூன்று தடவையாக ஏற்ற வேண்டும் என்று கடுதாசி தந்தார்கள். கூடவே காலுக்குப் பயிற்சியும் தந்தார்கள். ஒவ்வொரு தடவையும் கொட்டாஞ்சேனைக்காரர்தான் கட்டித் தந்தார். கடைசிச் சப்பாத்தைப் போட்ட காலை, மகள் பஸ்ஸுக்குப் போவதை நான் மாடியில் இருந்து பார்த்தேன். காலி வீதிக்குப் போகும் ஒழுங்கையில் எத்தனையோ பேர் போனார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளை யார் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. இத்தனை காலமும் தூரத்தில் இருந்து நான் அவளை அடையாளம் கண்டது அந்த நொண்டலால்தான். கைப்பையின் நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அப்படியே கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

நாரி நோவு முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். குறைந்துவிட்டது. இரவில் திரும்பிப் படுக்கிறாள்.

நேர்த்தி பாதியில் நிற்பது மனதை அறுத்தது. கோயில் ஐயரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்கள் அம்மனிட்டை என்ன கேட்டனீங்கள்?" என்றார்.

"பிள்ளையின்ர கால் சரியாக வேணும் எண்டு."

"தந்திட்டாள்தானே. தாற வழியை நீங்கள் சொல்லிக் குடுக்கேலாது. சுற்றுக் கடன் இருந்தால் அதை நீங்கள் நடந்து தீருங்கோ. உங்கட உடம்புக்கும் நல்லது" என்று என்னை மேலும் கீழும் பார்த்துச் சொன்னார்.

அதனால் வெள்ளிக்கிழமைகளில் இப்போது நான் சுற்றுகிறேன். மகள் கோயில் மண்டபத்தில் கால் நீட்டி இருந்து எனக்கு எண்ணுகிறாள். சில நாள் வேண்டுமென்றே ஒன்றைக் கூட்டி எண்ணி, என்னை நடக்க வைத்துச் சிரிக்கிறாள். அது எனக்கு வேண்டியதுதான்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வேறு யாருக்காவது சொல்வதாக இருந்தால் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். கால் வளர்ந்துவிட்டது என்று சேர்க்காதீர்கள். கால் முன்பு இருந்த அளவுதான். நேர்த்தி வீண் என்று நான் சொன்னதாகவும் சொல்லாதீர்கள், அதை நான் சொல்லவில்லை. சப்பாத்துத் தைக்கிற அந்த மனிதரை விட்டுவிட்டுக் கதையைச் சொல்லாதீர்கள், நான் விரதம் என்று பொய் சொன்னதையும் எடுத்துவிடாதீர்கள். எட்டு வருடம் தன் முகத்தையே பார்த்து நடக்கவிட்ட அந்த அம்மன், முன்பின் தெரியாத ஒருவரைக் கொண்டு என் கண்ணைக் கீழே இறக்கி, என் பிள்ளையின் கால் அடியைப் பார்க்க வைத்தாள் என்றுதான் நான் இன்றைக்கும் நம்புகிறேன்.